சீட்டில் எழுதாத தண்ணீர்

காதுக்குள் பார்க்காமல் காதில் கை வைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நீச்சல் குளத்தில் பக்கவாட்டில் விழுந்து அவளுக்குக் காது அடைத்துக்கொண்டிருந்தது. இளவயது நர்ஸ் ஒருத்தி வந்தாள். கையில் நிரப்பிய சிரிஞ்ச். "உள்ள பாத்தாச்சாம்மா?" என்று கேட்டேன். "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காருங்க, தண்ணி அடிச்சா போயிடும்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். அங்கே ஒரு சத்தம், ஒரு ரகளை. யார் இந்தக் கிழவி என்று ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன், அந்தப் பெண்ணைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று. காதுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் பணிக்காலத்து இனிமையான நினைவுகளை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். இனிமையானதை வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள். நான் இதைத்தான் எழுதப்போகிறேன்.

எழுபதுகளின் கடைசி. அரியலூர், பெரம்பலூர் எல்லாம் அப்போது திருச்சி மாவட்டம். நான் அந்தப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தேன். எங்களுக்குக் காது டாக்டர் என்று தனியாகக் கிடையாது. திருச்சியிலிருந்து ஒருவர் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்து போவார். அவரை நாங்கள் செவ்வாய்க்கிழமை டாக்டர் என்றே சொல்லுவோம். மற்ற ஆறு நாளும் காது, கண், பிரசவம், பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் இருந்தவர் பெரிய டாக்டர் ஒருவர்தான். அவர் கைக்கு எட்டாததை நாங்கள் பார்த்துக்கொள்வோம். காதில் தண்ணீர் பீச்சுவது என் வேலை. பித்தளையில் பெரிய பீச்சாங்குழல் ஒன்று இருந்தது. அதைப் பிடிக்கிற லாவகத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்கு ஒரு திமிர். கட்டியாக அடைத்த அழுக்கு ஒரே பீச்சில் வெளியே வந்து கிண்ணத்தில் விழும். வந்தவர் கண்ணெல்லாம் மலர்ந்து, "அப்பாடா, இப்பதான் உலகமே கேக்குது" என்பார். அந்தப் பாராட்டில் மயங்கிக் கிடந்தேன்.

அந்த வருஷம் பங்குனியில் கல்லங்குறிச்சித் தேர். வெயிலில் மயங்கி விழுந்தவர்கள், கூட்டத்தில் காலில் மிதி வாங்கியவர்கள் என்று வராந்தா முழுக்க ஆள். பெரிய டாக்டர் ஒரு விஷக் கேஸில் இருந்தார். அந்த நேரத்தில் அய்யாக்கண்ணு வந்தார். செந்துறைப் பக்கத்து ஆள், கிணறு வெட்டுகிற கூட்டத்தில் வேலை. முப்பது வயதிருக்கும். கூடவே அவர் மனைவி அஞ்சலை. இடது காதைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார்.

மண்டை காய்கிற வெயிலில் கிணற்றுக்குள் பாறை உடைத்துவிட்டு, வேலை முடிந்ததும் பக்கத்து வயலில் தண்ணீர் நிறைந்த கிணறு எது இருக்கிறதோ அதில் போய் விழுவது அவர்கள் வழக்கம். மோட்டார் கொட்டகைக் கூரை மேல் ஏறி அங்கிருந்து குதிப்பார்கள். அன்றைக்கு இவர் கால் வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்திருக்கிறார். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் தண்ணீர் கன்னத்தில் அறைகிற மாதிரி காதில் அறையும். உள்ளே சவ்வு கிழிந்துவிடும். இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரியும்.

"என்னாச்சு உனக்கு?"

அப்போதெல்லாம் கூலிக்காரர்களை நாங்கள் நீ என்றுதான் கேட்போம். வயது வித்தியாசமெல்லாம் பார்ப்பதில்லை.

"கெணத்துல குதிச்சேங்க நர்சம்மா. காது கம்முனு ஆயிடுச்சு. தண்ணி பூந்துக்கிச்சுன்னு நெனச்சு, தண்ணி வுட்டு சாச்சுப் பாத்தேன். எறங்கல."

தண்ணீர் புகுந்து அடைத்த காதில் இன்னும் ஒரு கை தண்ணீர் விட்டு நிரப்பித் தலையைச் சாய்த்தால், உள்ளே இருக்கிறதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் செய்வார்கள். நானே சின்ன வயதில் செய்திருக்கிறேன். நல்ல காதாக இருந்தால் ஒன்றும் ஆகாது. கிழிந்த காதாக இருந்தால் கிணற்று அழுக்கெல்லாம் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? டார்ச் எடுத்து உள்ளே பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பார்க்கத் தெரியாது என்றால் சுத்தமான பஞ்சை வெளியில் வைத்து, ஒரு சொட்டு ஈரம் படாமல் பார்த்துக்கொள், செவ்வாய்க்கிழமை வா என்று அனுப்பியிருக்க வேண்டும். கிழிந்த சவ்வுக்கு முக்கால்வாசி வைத்தியம் அதைச் சும்மா விடுவதுதான். ஆனால் பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள், எனக்குப் பீச்சாங்குழல் கைவந்த கலை. "படிச்சவங்க இருக்கோம், அதுக்குள்ள நீயே வைத்தியம் பாத்துக்குவியா?" என்று அவரை ஒரு அதட்டல் போட்டுவிட்டு நிரப்பினேன். கிராமத்து ஆள் கையால் விட்ட அதே தண்ணீரை நான் பித்தளைக் குழாயால் விட்டேன். எனக்குச் சம்பளம் வேறு.

ஒரே பீச்சு. "யாத்தே" என்று கத்திக்கொண்டு மனுஷன் பெஞ்சியைப் பிடித்தார். கண் ரெண்டும் ஒரு பக்கமாகச் சுழன்றது. அப்படியே வாந்தி எடுத்தார். அஞ்சலை அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வந்த பிறகு அவர் சொன்னார்:

"நர்சம்மா, தண்ணி தொண்டைக்கு வந்துடுச்சுங்க."

காதில் விட்ட தண்ணீர் தொண்டைக்கு வந்தால் நடுவில் சவ்வு ஓட்டையாக இருக்கிறது என்று அர்த்தம். அதை நான் அந்த நொடியே புரிந்துகொண்டேன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணுமில்ல, தன்னால சரியாப் போயிடும்" என்றேன். ஒரு பஞ்சை வைத்து அடைத்து, வெளிநோயாளிச் சீட்டில் காது வலி என்று மட்டும் எழுதி அனுப்பினேன். தண்ணீர் பீச்சியதை எழுதவில்லை. கவனக்குறைவால் விட்டது என்று யாரும் எனக்காகச் சமாதானம் சொல்ல வேண்டாம். பேனா கையில் இருந்தது, வேண்டுமென்றேதான் விட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவர் மறுபடி வந்தபோது காதிலிருந்து சீழ் வடிந்து தோள் துண்டெல்லாம் நாற்றம். செவ்வாய்க்கிழமை டாக்டர் துடைத்துவிட்டு உள்ளே பார்த்தார். முகம் சுருங்கியது.

"சவ்வு கிழிஞ்சிருக்கு. அதோட போயிருந்தா தானா மூடியிருக்கும். யாரோ உள்ள தண்ணி விட்டிருக்காங்க. யாரு?"

நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி டிரேயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அய்யாக்கண்ணு என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்:

"நானேதாங்க வூட்ல தண்ணி வுட்டுக்கிட்டேன்."

டாக்டர் அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "மாடு மாதிரி வளர்ந்திருக்க, அறிவு வேணாமா? உன் காதை நீயே கெடுத்துக்கிட்டு இங்க வந்து நிக்கிற. ஆறு வாரத்துக்கு ஈரம் படக்கூடாது, கிணத்துப் பக்கம் போகக்கூடாது, மூக்கை வேகமாச் சிந்தக்கூடாது. கேப்பியா, மாட்டியா?" அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். சீட்டில் 'நோயாளி தானே வீட்டில் தண்ணீர் விட்டுக்கொண்டார்' என்று டாக்டர் எழுதினார். நான் அந்தச் சீட்டைத் தூக்கிக்கொண்டு போய் மருந்து வாங்கிக்கொடுத்தேன். எவ்வளவு பெரிய மனசு இவருக்கு என்று நினைத்துக்கொண்டேன். எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாரே என்று கண்ணில் தண்ணீர்கூட வந்தது. இப்போது அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்றாவது வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு மேஸ்திரியும் கிணற்றுக்குச் சொந்தக்காரரும் வந்தார்கள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை இல்லை, காது டாக்டர் கிடையாது. சொந்தக்காரர் வெள்ளை வேட்டி, எறையூர் ஆலைக்குக் கரும்பு அனுப்புகிற பெரிய விவசாயி. நேராகப் பெரிய டாக்டர் அறைக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த ஆள் வேலைக்குப் போகலாம் என்று எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான்.

"அவரு ஒருத்தர் வராட்டி வேலை நிக்குமா?" என்று டாக்டர் கேட்டார்.

மேஸ்திரி சொன்னார்: "நிக்குதுங்களே. வெடி எண்ணுறது இவன்தான்."

கிணற்றுப் பாறையில் ஐந்து குழி போட்டுத் தோட்டா வைத்துத் திரியைக் கொளுத்திவிட்டு எல்லோரும் மேலே ஓடி வந்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் மண்மேட்டுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு சத்தத்தை விரல் விட்டு எண்ணுவார். ஐந்து கேட்டால் இறங்கலாம். நான்கு கேட்டால், ஒன்று வெடிக்காமல் உள்ளே கிடக்கிறது, யாரும் இறங்கக்கூடாது. கிணற்றுக்குள் ஒவ்வொரு சத்தமும் சுவரில் மோதித் திரும்பும். எது வெடி, எது எதிரொலி என்று பிரித்துச் சொல்ல நல்ல காது வேண்டும். அய்யாக்கண்ணு எண்ணினால் எல்லோரும் நம்பி இறங்குவார்கள். வேறு ஆளை வைத்து எண்ணியதில் முந்தின வாரம் கணக்கு உதைத்ததாம். இவன் ஐந்து என்கிறான், அவன் நான்கு என்கிறான். சண்டை போட்டுக்கொண்டு அன்றைக்குப் பூராவும் யாருமே இறங்கவில்லை.

"இவன் சொன்னாத்தான் ஆளுங்க எறங்குவோங்குறாங்க. மழைக்கு முன்னாடி கெணறு முடியணும். ஒரு கையெழுத்துப் போடுங்க டாக்டர்" என்றார் சொந்தக்காரர்.

டாக்டர் என்னைப் பார்த்து, "காது கேக்குதான்னு பாருங்க சிஸ்டர்" என்றார்.

நான் அய்யாக்கண்ணுவின் பின்னால் நின்று மெல்லிய குரலில் எண்களைச் சொன்னேன். ஏழு, பதினாறு, முப்பத்தி ரெண்டு. எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். டாக்டர் பேனாவைத் திறந்தார். நல்ல காது ஒன்று திறந்திருக்கும்போது கெட்ட காதைச் சோதிப்பது சோதனையே இல்லை என்று அவருக்கும் தெரியும். வெளியே வரிசை, எதிரே பெரிய மனிதர்.

"இருங்க சார்" என்றேன். அய்யாக்கண்ணுவின் வலது காதை என் விரலால் அடைத்து, விரலை ஆட்டிக்கொண்டே மறுபடியும் சொன்னேன். பதில் இல்லை. குரலை உயர்த்திச் சொன்னேன். "என்னங்க?" என்று திரும்பினார்.

டாக்டருக்கு எரிச்சல். "ஒரு காது நல்லா இருக்குல்ல, போதும். சீட்டுல என்ன எழுதியிருக்கு பாருங்க. தானே தண்ணி விட்டுக்கிட்டவன். வீட்ல வச்சிருந்தாலும் இவன் காதைக் கெடுத்துக்கத்தான் போறான். வேலைக்காவது போகட்டுமே."

நான் எழுதாமல் விட்ட ஒரு வரி அந்த இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. முட்டாள், தன் கேட்டைத் தானே தேடிக்கொண்டவன், அவனுக்கு எதற்கு இரக்கம் என்று அந்தச் சீட்டு சொல்லிக்கொண்டிருந்தது. பேனா முனை தாளில் படப்போகிறது. அடுத்த வாரம் அந்த மனிதர் மண்மேட்டுக்குப் பின்னால் ஒற்றைக் காதோடு படுத்து ஐந்து என்று சொல்லுவார். அதை நம்பி எட்டுப் பேர் இறங்குவார்கள். நான் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். எட்டுப் பேர் செத்த பிறகு அந்தச் சீட்டைத் தேடி எடுப்பார்களே என்கிற பயமும் அதில் இருந்தது.

"சார், அந்தத் தண்ணியை ஊத்தினது நான்."

டாக்டர் நிமிர்ந்தார். "என்ன சொல்றீங்க?"

"தேர் அன்னிக்கு வந்தாரு. உள்ள பாக்காம பீச்சினேன். தண்ணி தொண்டைக்கு வந்துச்சுன்னு சொன்னாரு. நான் சீட்டுல எழுதல. இவரு மேல தப்பு இல்ல. அந்தக் காது இன்னும் ஆறல. நாளைக்கு எண்ணிக்கை தப்பி யாராவது செத்தா, முதல்ல நம்ம ஆஸ்பத்திரி கெடுத்த காது, அப்புறம் நம்ம ஆஸ்பத்திரி போட்ட கையெழுத்து. அவ்வளவுதான் சார்."

அய்யாக்கண்ணுவுக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "இல்லீங்க டாக்டர், நர்சம்மா ஒண்ணும் செய்யல. நான்தாங்க, நான்தாங்க" என்று பதறினார். கதவோரத்தில் நின்ற அஞ்சலையும், "அவங்க நல்லவங்கய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இவ்வளவு நல்ல ஜனங்களா என்றுதான் உருகினேன்.

டாக்டர் பேனாவை மூடினார். கையெழுத்து இல்லை. சொந்தக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போனார். மேஸ்திரி போகும்போது என்னிடம், "நல்லவேளம்மா, எனக்கும் எறங்க பயமாத்தான் இருந்துச்சு" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அதை உள்ளே சொல்லியிருக்கலாம் அவர். எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒரு வருஷம் சம்பள உயர்வு தள்ளிப்போனது. அதைப் பற்றி நான் புலம்பியது கிடையாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் காது டாக்டரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. "அந்த மனுஷனை அப்படித் திட்டினேனே" என்றார். எழுந்து போய் டிரேயிலிருந்த பீச்சாங்குழலை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அய்யாக்கண்ணு உள்ளே வந்ததும், "அன்னிக்கு உங்களைத் தப்பாப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். அய்யாக்கண்ணு பாதி நாற்காலியில் உட்கார்ந்து நெளிந்தார். என் கோபம் அந்த டாக்டர் மேலும் உண்டு. யார் தண்ணீர் விட்டது என்று அவர் நோயாளியைப் பார்த்துக் கேட்டாரே தவிர, ஒரு முழம் தள்ளி நின்ற எங்களைப் பார்த்துக் கேட்கத் தோன்றவே இல்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். நான் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது.

ஆறு வாரம் போதவில்லை. சீழ் நின்று, காய்ந்து, சவ்வு மெல்ல ஓரத்திலிருந்து மூடி வர நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் அந்தக் காதை ஈரம் படாமல் காப்பாற்றியது அஞ்சலை. வாஸ்லைன் தடவிய பஞ்சைக் காது வாயில் வைத்து, பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டித் தலையைச் சுற்றி இறுக்கிவிட்டு, அவரை உட்காரவைத்துக் கழுத்துக்குக் கீழேதான் தண்ணீர் ஊற்றுவாளாம். டியூப் பட்டை அவளுடைய சொந்த யோசனை. நான்கு மாதம் பஞ்சில் ஒரு தடவைகூட ஈரம் பட்டதில்லை. படிப்பில்லாதவர்கள் என்று நாங்கள் அதட்டிய ஜனங்கள் இவர்கள்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. டாக்டர் பார்த்துவிட்டு, "மூடிடுச்சு" என்றார். நல்ல காதை அடைத்துவிட்டு நான் எண்களைச் சொன்னேன். மெல்லச் சொன்னதும் கேட்டது. அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் பிரசவ வார்டில் அஞ்சலைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அன்றைக்குத்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். செந்துறை பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வேப்பமரத்தடியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அய்யாக்கண்ணு பின்னாலேயே வெளியே வந்தேன்.

"ஒண்ணு கேக்கணுங்க" என்றேன். முதல் தடவையாக எனக்கு அந்த ங்க வந்தது. "அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப எனக்காக ஏன் பழியை ஏத்துக்கிட்டீங்க? உங்க மனசு யாருக்கு வரும்?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். அஞ்சலையைப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. பஸ்ஸின் ஹாரன் சத்தம் கேட்டது. கைப்பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"மனசெல்லாம் ஒண்ணும் இல்லீங்க நர்சம்மா. இவளுக்கு மொத ரெண்டு புள்ளையும் தங்கல. அப்ப இவ அஞ்சு மாசம் முழுகாம இருந்தா. பிரசவத்துக்கு உங்ககிட்டத்தான வரணும்? உங்கள மாட்டி வுட்டுட்டு, அப்புறம் வலியெடுத்து இவ வந்து இங்க கெடந்தா யாரு பாப்பாங்க? காது போனாப் போவுது, புள்ளையாச்சும் தங்கட்டும்னு சொன்னேன்." குழந்தையைப் பார்த்துவிட்டு, "இப்பதான் பொறந்தாச்சே, அதான் சொல்றேன். போயிட்டு வரேங்க" என்றார்.

அவர்கள் பஸ் ஏறினார்கள். நான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். ஐந்து மாத வயிறு நாலு தடவை என் முன்னால் வந்து நின்றிருக்கிறது, நான் பார்க்கவில்லை. காதை மட்டும்தான் பார்க்காமல் விட்டேன் என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் சீட்டில் எதை எழுதுகிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்பது உங்களுக்கும் நோயாளிக்கும் மட்டும்தான் தெரியும். அவர் சொல்ல மாட்டார். நீங்கள் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்வீர்கள். அவர் தன் வீட்டில் அடுத்து யாருக்கு உங்கள் கையால் என்ன ஆகவேண்டியிருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.